எல்லையோரப் பள்ளிகளில் கும்மி, ஒயில், பறை, நாடகம்: பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்ற ஊர்களை வெளியூர்க்காரர்களுக்கு செக்போஸ்ட் பெயர்களாகத்தான் தெரியும். இவற்றையும் கொழிஞ்சாம்பாறையையும் சுற்றித் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. சனிக்கிழமைகளிலும் விடுமுறையிலும் அந்தப் பிள்ளைகளுக்கு நாட்டார் ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் பெற்றோரும், ஸ்டாஃப் ரூமில் டீச்சர்மாரும் அடிக்கடி கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கேரள நடைமுறை வரும் இடங்களை மட்டும் அவர்கள் தாண்டிப் போகலாம்.

எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்?

ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அங்கே அதற்கு ஆட்டம் என்று பெயர் வைக்க வேண்டாம். கைகோத்துக்கொண்டு பாடும் விளையாட்டுப் பாட்டு, கேள்வியும் பதிலுமாகப் போகும் பாட்டு, இவை போதும். மூன்றாம் நான்காம் வகுப்பில் கும்மி வரும். கோலாட்டத்துக்கு ஐந்தாம் வகுப்பு வரை காத்திருப்பது நல்லது. அதற்குக் கீழே கோலைக் கொடுத்தால் பக்கத்துப் பிள்ளையின் விரல் நகம்தான் பலியாகும். ஒயிலுக்கு, அதாவது வழக்கமாக ஆண்கள் வரிசையில் நின்று கைக்குட்டை வீசி ஆடும் ஒயிலாட்டத்துக்கு, ஆறாம் வகுப்பு. பறைக்கு, கருவியைத் தோளில் மாட்டி அரைமணி நேரம் நிற்கும் பலம் வேண்டும் என்பதால் ஏழாம் எட்டாம் வகுப்பு. நாடகத்துக்கு வயதுக் கணக்கே கிடையாது.

முதலில் ஆட்டமா, பாட்டா?

பாட்டுதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பள்ளிகளில் வழக்கமாக நடப்பது வேறு. ஆண்டு விழாவுக்குச் சில வாரம் இருக்கும்போது ஒரு பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு" என்று அடவு (ஆட்ட அசைவு) சொல்லித்தருவார்கள். பிள்ளைகளும் பிடித்துக்கொள்வார்கள், விழாவும் நன்றாகவே முடியும். அடுத்த மாதம் அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர் இல்லாமல் ஆடச் சொல்லிப் பாருங்கள். ஒரு சுற்றுகூட நிற்காது. எண்ணிக்கையை மட்டும் மனப்பாடம் செய்த காலுக்கு, எண்ணுபவர் இல்லாவிட்டால் வழி தெரியாது.

நான் செய்வது இப்படி. முதல் சில வகுப்புகளில் யாரும் எழுந்திருக்கவே கூடாது. வட்டமாக உட்கார்ந்து பாட்டை வாயால் பிடிக்க வேண்டும். பாட்டில் யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், எந்த வேளையில் என்று கேட்பேன். பெரும்பாலான கும்மிப் பாட்டுகள் மும்மை நடையில் போகும்: தகிட தகிட தகிட தகிட. அதைத் தொடையில் தட்டிப் பழக வேண்டும். அப்புறம் கையில் தட்டலாம். கையிலும் உள்ளங்கை முழுதும் சேர்த்துத் தட்டுவது ஒரு ஓசை, விரல்நுனி மட்டும் சேர்வது ஒரு ஓசை. இந்த வேறுபாடு காதுக்குப் பிடிபட்ட பிறகுதான் எழுந்து வட்டத்தில் நடை. வெறும் நடைதான், குனிவதும் நிமிர்வதும் இல்லை. அடவு கடைசியில் வரும், அதுவும் பாதி தானாகவே வரும். பாட்டின் அடி எங்கே முடிகிறதோ அங்கே உடம்பு குனிய விரும்பும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர்ப் பாட்டு ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. எடுத்துக்கொடுப்பவர் சில இடங்களில் இழுப்பார், சில இடங்களில் ஒரு அடியைத் திரும்பப் பாடுவார், கூட்டத்தில் யாராவது வந்தால் அவர் பெயரையும் உள்ளே சேர்த்துவிடுவார். பாட்டு தெரிந்த பிள்ளை இந்த நெளிவுகளுக்கெல்லாம் ஈடுகொடுக்கும். அதனால் வாரம் ஒரு பிள்ளையை எடுத்துக்கொடுக்க வைக்கிறேன். கூச்சப்படுகிற பிள்ளைக்குத்தான் முதல் முறை.

ரெக்கார்டு பாட்டே போட வேண்டாம் என்கிறீர்களா?

காது பழக வீட்டில் கேட்கட்டும். மேடையில் வேண்டாம். பெரிய மைதானம், நூறு பிள்ளைகள், மழை வருகிற மாதிரி இருக்கிறது, சரி, அன்றைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கும்மி, கோலாட்டம், ஒயில், தேவராட்டம், கரகம்... எங்கள் பள்ளிக்கு எது பொருத்தம்?

உங்கள் ஊர் நோம்பியில் (திருவிழாவில்) எது நடக்கிறதோ அது. வேறு எங்கும் தேட வேண்டாம்.

கொங்குப் பக்கத்து வழக்கங்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அப்படியே இருக்கின்றன. பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கிற நோம்பிக்கு ஆவாரம்பூ பறிக்கப் போகிற பெண்பிள்ளைகள் அங்கேயே கும்மியடிப்பார்கள். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டதும் இரவில் இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்திருப்பார்கள், சிலர் ஓரத்தில் நின்று ஆடியும் இருப்பார்கள். அந்த அரைகுறை அறிவை வைத்தே தொடங்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரையை இங்கே கொண்டுவந்து முதல் பாடமாக்க வேண்டிய தேவை என்ன? அழகாகத்தான் இருக்கும். ஆனால் கூடு வாடகைக்கும் கட்டைக்கும் செலவு செய்துவிட்டு, பிள்ளை விழுந்து கால் சுளுக்கினால் அப்புறம் எந்த அப்பனும் அனுப்ப மாட்டான்.

தேவராட்டம் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கங்களில் கம்பளத்து நாயக்கர் ஊர்களில் உயிரோடு இருக்கும் ஆட்டம். பாட்டே கிடையாது, உருமி மேளத்தின் அடிக்கு மட்டும் கால் பேச வேண்டும். அதனால் பாட்டு முதலில் என்ற என் விதி இங்கே செல்லாது. நல்ல உருமிக்காரர் கிடைத்தால் மட்டும் எடுங்கள். சலகெருது ஆட்டம் மாட்டோடு சேர்ந்தது, அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர முடியாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பார்க்க வைக்கலாம்.

கரகம் பற்றிக் கேட்கும்போது மட்டும் சற்று யோசிப்பேன். சக்திக் கரகம் கோயிலுக்கு உரியது, விரதம் இருந்து எடுப்பது. அதை மேடைப் பொருளாக்க வேண்டாம். ஆட்டக் கரகம் வேறு. தலையில் காலிச் செம்பு வைத்து நடக்கும் பயிற்சியாகத் தொடங்கினால் கழுத்தும் முதுகும் நேராகும். நெருப்பு, கத்தி, ஏணி போன்ற சாகசம் எதுவும் பள்ளியில் கூடாது.

இப்போது எங்கே பார்த்தாலும் வள்ளி கும்மி. நாமும் அதையே சொல்லிக்கொடுத்தால் என்ன?

சொல்லிக்கொடுக்கலாம். வள்ளி முருகன் கதையைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே ஆடுவது அது. ஆட்டம், பாட்டு, கதை மூன்றும் ஒன்றாக இருப்பதால் பிள்ளைகளுக்கு நல்லது. கோயம்புத்தூர்ப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய ஆட்டத்தில் பெண்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தவர் என்பது அவருடைய பெருமை.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சில அரங்கேற்றங்களில் ஆட்டத்துக்கு நடுவே சாதிப் பெருமை பேச்சும் வந்துவிடுகிறது. வகுப்பறையில் எல்லாச் சாதிப் பிள்ளையும் கைகோத்து நிற்கிறது. அங்கே கதையும் பாட்டும் இருக்கட்டும், அந்தப் பேச்சு வேண்டாம். இன்னொன்று, வள்ளியைப் பாடும்போது தினைப்புனம், பரண், கவண், ஆலோலம் எல்லாம் என்னவென்று சொல்லாமல் பாட வைத்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் சத்தம். நம் பக்கம் நிலக்கடலைக் காட்டில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கினால் வள்ளி சீக்கிரம் பிடிபடுவாள்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. யூடியூப் பார்த்து டீச்சரே சொல்லித்தரலாமா?

அடவை மறந்துபோனால் பார்த்துக்கொள்ள யூடியூப் உதவும். அதையே வாத்தியாராக்கினால் கேமரா எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் மட்டுமே பிள்ளைக்குத் தெரியும். வட்டத்தின் மறுபக்கம் என்ன நடக்கிறது என்பதே படத்தில் இருக்காது.

ஆள் கிடைக்கவில்லை என்பதை நான் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை. மதியச் சாப்பாடு சமைக்கிற அக்காவைக் கேட்டுப் பாருங்கள். தொழிலுறுதித் திட்டத்துக்கு (அரசின் ஊரக வேலைத் திட்டம்) வருகிற அம்மாக்களைக் கேளுங்கள். நடவுப் பாட்டும் கும்மியும் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். "எனக்கு என்னங் கண்ணு தெரியும்" என்றுதான் முதலில் சொல்வார்கள். தனியாகக் கூப்பிடாமல் இரண்டு பேரைச் சேர்த்துக் கூப்பிடுங்கள், ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுப்பார். டீச்சரின் வேலை பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்வதும், பிள்ளைகளை அடக்கி உட்கார வைப்பதும்.

கூலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொன்னாடை போர்த்தி அனுப்பிவைப்பது மரியாதைதான். ஆனால் அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கவரில் வைத்துக் கொடுங்கள். பஸ் செலவு தனி. அழைப்பிதழில் பிரமுகர் பெயர்களுக்குக் கீழே "பயிற்சி: உள்ளூர்க் கலைஞர்கள்" என்று போடாதீர்கள். அவர்களுக்கும் பெயர் இருக்கிறது.

எங்கள் பிள்ளை கையில் பறையா? வேறு ஏதாவது சொல்லிக்கொடுக்கக் கூடாதா?

இந்தக் கேள்வி நேராக வராது. "சத்தம் அதிகமாக இருக்குமே", "பரீட்சை வருகிறதே", "காது வலி" என்று சுற்றிச் சுற்றி வரும். என்ன கேட்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் நேராகவே பதில் சொல்கிறேன்.

பறையை இழவு வீட்டோடும் ஒரு சாதியோடும் மட்டும் சேர்த்துக் கட்டிப்போட்டது நாம்தான். பறை அறிவித்திருக்கிறது, போருக்கு முழங்கியிருக்கிறது, அறுவடைக்கு அடித்திருக்கிறது. சங்கப் பாட்டுகளில் திணைக்கு ஒரு பறை உண்டு. கட்டாயப்படுத்திச் சாவுக்கு அடிக்கவைத்த கொடுமையை எதிர்த்து, பறையைத் தூக்கிப்போட்டவர்களும் இருக்கிறார்கள், அதே பறையை உரிமைக்குரலாக மேடையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்து நியாயத்தையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லலாம், புரியும். 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் காட்டினால் சில அப்பாக்களின் முகம் மாறுகிறது. விருதைப் பார்த்து முகம் மாறுவது எனக்கு அவ்வளவு பிடிக்காதுதான், ஆனால் பிள்ளை வகுப்புக்கு வந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு தேவை. பறைக்குப் பிள்ளைகளைப் பிரிக்கும்போது வீட்டில் ஏற்கெனவே அடிக்கத் தெரியும் என்று ஒரே தெருப் பிள்ளைகளை அங்கே நிறுத்தி, மற்றவர்களைக் கோலாட்டத்துக்கு அனுப்பக் கூடாது. தெரியாமலே இது நடந்துவிடும். எல்லாரும் எல்லாவற்றையும் பழகட்டும். முன்பே தெரிந்த பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லித்தரட்டும்.

தொழில்நுட்பமாகச் சொன்னால்: வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீளமான, மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி. இடக்கைப் பிள்ளைகள் மாற்றிப் பிடிக்கட்டும், குற்றமில்லை. முதலில் வாயால் சொற்கட்டு (அடியைச் சொல்லாகச் சொல்வது), அடுத்து பெஞ்சில், கடைசியில் தோலில். மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும், நெருப்பில் காய்ச்ச வேண்டும். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டும். நெருப்புக்கு இடமில்லாத பள்ளிகள் ஃபைபர் தோல் போட்டவற்றை வாங்கலாம். நாதம் குறைவு, தொல்லையும் குறைவு.

பெண்பிள்ளைகள் ஒயில் ஆடலாமா?

ஆடலாம். பையன்கள் கும்மியடிக்கலாமா என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

நாடகம் போட வேண்டும். வசனம் எழுதித் தருவீர்களா?

எழுதித் தருவதில்லை. எழுதித் தந்தால் நாடகம் மனப்பாடப் போட்டியாகிவிடும். ஒரு பிள்ளை ஒரு வரியை மறந்தால் எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள்.

நம் மரபில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜா வேஷம் உள்ளே வந்ததும், "ஐயா, தாங்கள் யார்? எந்த ஊர்? எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்கிறான். ராஜா தன் கதையைத் தானே சொல்ல வேண்டியதாகிறது. பாலக்காட்டுக்கே உரிய பொறாட்டு நாடகத்திலும் அதே வேலைக்கு ஒருவர் உண்டு, அவரைச் சோத்தியக்காரர் என்பார்கள். குறவன் குறத்தி, மண்ணான் மண்ணாத்தி என்று வேஷங்கள் ஒவ்வொன்றாக வரும்போது அவர்தான் குறுக்கே கேள்வி கேட்டுக் கதையை இழுப்பார். அந்த நாடகமே மலையாளமும் தமிழும் கலந்த பேச்சில் நடப்பது. பள்ளிக்குள் தமிழ், கடைவீதியில் மலையாளம், வீட்டில் இரண்டும் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான மேடை கிடையாது.

ஆக, பயிற்சி இப்படிப் போகும். ஒரு கதையை வாய்வழியாகச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் பாத்திரங்களைப் பிரித்துக்கொள்வார்கள். கேள்வி கேட்பவன் ஒருவன், நன்றாக வம்பளக்கிற பிள்ளையாகப் பார்த்து. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒரு வேட்டித் திரைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். திரைக்குப் பின்னால் முதலில் பாட்டு, பிறகு கால், பிறகு முகம், கடைசியில் ஆள். கூத்தில் திரை வருகை என்று இதற்கு ஒரு கெத்து உண்டு, பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். வந்ததும் கேள்வி, பதில். பதில் ஒவ்வொரு நாளும் வேறாக வரும். நன்றாக வந்த பதிலை மட்டும் குறித்துவைத்தால் சில வாரங்களில் நாடகம் தானே எழுதப்பட்டிருக்கும்.

கூத்தைப் படிப்போடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் காஞ்சிபுரத்துக்குப் பக்கம் நடந்ததைத் தெரிந்துகொள்ளலாம். கட்டைக்கூத்து (தெருக்கூத்தைப் போன்றது) கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002-இல் அங்கே ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் பயின்றார்கள், பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். 2020 வரை அது நடந்தது. நம்மால் அந்த அளவுக்கு முடியாது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கலாம் என்பதற்கு மட்டும் அதைச் சொல்கிறேன்.

எந்தக் கதையை எடுப்பது? அண்ணன்மார் கதை எடுக்கலாமா?

எடுக்கலாம், பெரிய பிள்ளைகளுக்கு. உடுக்கடிப் பாட்டாகக் கேட்டு வளர்ந்த அந்த அண்ணன்மார், பொன்னர் சங்கர் கதை நம் பக்கம் வீட்டுக்கு வீடு தெரியும். ஆனால் பல ஊர்களில் அது சாமி கதை. அண்ணன்மார் போர்க்களத்தில் விழும் படுகளம் காட்சியில் அருள் வந்து ஆடுகிறவர்கள் உண்டு. பள்ளி மேடையில் படுகளத்தைத் தொடாமல், தங்கை அருக்காணித் தங்காளுக்காகக் கிளி பிடிக்கும் பகுதியோடு நிறுத்துவது என் வழக்கம். நல்லதங்காள் கதையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொண்டுபோகாதீர்கள். பெற்ற பிள்ளைகளைக் கிணற்றில் போடும் கதை அது.

சித்தூர் பகவதி கோயில் கொங்கன்படையையும் சில டீச்சர்கள் கேட்கிறார்கள். கும்ப மாதத்தில் நடக்கும் திருவிழா. கொங்கு நாட்டுப் படை வந்து தோற்றுப்போனதை நினைத்துக் கொண்டாடுவது. நம் பிள்ளைகள் பாதிப் பேரின் தாத்தாக்கள் கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள், அதனால் நாம் எந்தப் பக்கம் என்று வகுப்பில் நல்ல சண்டை வரும். அந்தச் சண்டையையே நாடகமாக்கலாம். சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்ததும், சுற்றியிருந்த ஊர்கள் மலபார் மாவட்டமாகச் சென்னை மாகாணத்தில் இருந்ததும், 1956-இல் எல்லை புதிதாக வந்ததும் அந்த வழியிலேயே உள்ளே வந்துவிடும். சமூகப் பாட டீச்சருக்கும் சந்தோஷம்.

தோல்பாவைக்கூத்து கேரளத்தின் கலை அல்லவா? தமிழ்ப் பிள்ளைகளுக்கு எதற்கு?

தோல் பாவைகளின் நிழலைத் திரையில் காட்டும் கூத்து அது. அதில் பாடப்படுவது கம்பராமாயணம். பாலக்காட்டையும் பக்கத்து மாவட்டங்களையும் சேர்ந்த பகவதி கோயில்களில், கூத்துமாடம் என்ற தனிக் கட்டடத்தில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, பல இரவுகள் தொடர்ந்து கம்பன் பாட்டுக்கு மலையாளம் கலந்த தமிழில் உரை சொல்வார்கள். பகவதியே கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பிக்கை, ஆகவே முன்னால் ஆள் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஷொரணூருக்குப் பக்கம் கூனத்தறையில் இருக்கும் புலவர் குடும்பத்தைச் சேர்ந்த ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

தமிழ்ப் பாடப் புத்தகத்தில் கம்பனைப் படிக்கிற பிள்ளை, தன் மாவட்டத்திலேயே கோயிலில் கம்பனைப் பாடுகிறார்கள் என்பது தெரியாமல் பத்தாம் வகுப்பை முடிக்கிறது. இதைச் சரிசெய்ய ஒரு பஸ் போதும். வகுப்பறையில் செய்ய: பழைய எக்ஸ்ரே தாள் அல்லது கெட்டி அட்டை, ஈர்க்குச்சி, வெள்ளை வேட்டி, ஒரு பல்பு. உருவத்தில் குத்தும் ஓட்டைகள் வழியாகத்தான் வெளிச்சம் நகைகளையும் கண்ணையும் காட்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

என் மகள் பயிற்சி முடிந்து வந்தால் தொண்டை கட்டிக்கொள்கிறது. ஏன்?

சுருதி தவறாக இருக்கலாம். ஊரில் பாடுகிற ஆண் கலைஞர்கள் பலர் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரம்) பாடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஐந்து கட்டை சுற்றித்தான் வசதி. ஆசானின் சுருதியிலேயே பாடவைத்தால் கீழே எட்டாது, ஒரு ஸ்தாயி மேலே போனால் கத்த வேண்டிவரும். ஹார்மோனியமோ, போனில் ஒரு சுருதிப் பெட்டியோ வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஏற்ற கட்டையைப் பிடியுங்கள். குரல் உடைகிற வயதுப் பையன்களை எடுத்துக்கொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அந்த ஆறேழு மாதம் அவர்கள் தாளம் போடட்டும். பறையோடு சேர்ந்து பாட வைப்பதும் கூடாது, கருவியை மிஞ்சப் பார்த்துக் கத்துவார்கள்.

நாட்டுப்புறப் பாட்டில் கொச்சை வார்த்தையும் சாதிப் பெயரும் வருகிறதே. மாற்றிப் பாடலாமா?

மூன்று வேறு விஷயங்கள் இதில் கலந்திருக்கின்றன.

வட்டாரப் பேச்சைக் கொச்சை என்று நினைத்தால் அதை மாற்றவே கூடாது. "வாரான், போறான், அங்கிட்டு, அக்கட்ட" எல்லாம் பாட்டின் உயிர். இலக்கணப்படி திருத்தினால் தகிட கெட்டுவிடும், பாடிப் பார்த்தால் நீங்களே உணர்வீர்கள்.

இரட்டை அர்த்தம் வேறு. கரகாட்டத்திலும் பொறாட்டிலும் அது பெரியவர்களுக்கு நடுவே நடப்பது. பள்ளிக்கு அந்த வரிகளை எடுத்துவிடுங்கள். நாட்டார் பாடகர்களே ஆளைப் பார்த்து வரியை மாற்றிக்கொள்பவர்கள்தான், அதனால் மரபுக்குத் துரோகம் ஒன்றும் இல்லை.

சாதியை இழிவாகப் பேசும் வரியும், சாதி வேஷம் கட்டிச் சிரிக்கவைப்பதும் மூன்றாவது. மேடையில் கூடாது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் மட்டும், இப்படி ஒரு வரி இருந்தது, யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று பேசலாம்.

ஒப்பாரியைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. கேட்டு எழுதலாம். மேடையில் பிள்ளைகளை மாரடிக்க வைக்க எனக்கு மனம் வராது, ஊர்ப் பெரியவர்களும் ஒப்ப மாட்டார்கள்.

உடை, மேக்கப்புக்கு எவ்வளவு ஆகும்?

வீட்டில் இருக்கிற பாவாடை, தாவணி, வேட்டி, துண்டு. ஒயிலுக்கு இரண்டு கலர்க் கைக்குட்டை. சலங்கை மட்டும் பள்ளிக்குப் பொதுவாக வாங்கிவையுங்கள். ஜிகினாவுக்குச் செலவழிக்கும் பணத்தை ஆசானுக்குக் கொடுங்கள்.

படிப்பு கெட்டுப்போகாதா?

வாரத்துக்கு இரண்டு மணி நேரம். போனில் போவது அதைவிட அதிகம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரிக்குப் பிறகு நானே கூப்பிடுவதில்லை.

கலோத்சவத்தில் கும்மிக்கு இடம் உண்டா? பரிசு வராத ஒன்றை எதற்குப் பழக வேண்டும்?

கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் கலைப் போட்டி விழாவான கலோத்சவம் 1957-இல் எறணாகுளத்தில் தொடங்கியது. மாநில அளவிலான பட்டியலில் திருவாதிரைக்களி, ஒப்பன, மார்க்கம்களி, கோல்களி போன்ற கேரளக் குழு ஆட்டங்கள் எல்லாம் உண்டு, கும்மிக்கோ ஒயிலுக்கோ தனி உருப்படி கிடையாது. ஆனால் பட்டியல் மாறாதது இல்லை. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த 63-ஆவது கலோத்சவத்தில் மங்கலம்களி, பணியர் நிருத்தம், மலைப்புலையர் ஆட்டம், இருளர் நிருத்தம், பளியர் நிருத்தம் என்ற ஐந்து பழங்குடி ஆட்டங்களை முதன்முறையாகச் சேர்த்தார்கள். அட்டப்பாடி இருளர்களின் ஆட்டம் மாநில மேடைக்கு வந்தது நம் மாவட்டத்துக்கே நல்ல செய்தி.

அதே சமயம், போட்டிக்குள் போனதும் ஆட்டத்துக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நேரம் அளவாகும், வேகம் கூடும், உடை ஒரே மாதிரி ஆகும், வெளியிலிருந்து பயிற்சியாளர் வருவார், கட்டணம் ஏறும். அதனால் கும்மிக்குப் போட்டியில் இடம் இல்லாததைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. பொங்கலுக்குப் பாலக்காட்டில் உள்ளூர் விடுமுறை உண்டு. அதற்கு முந்தின நாள் பள்ளி முற்றத்தில் வட்டம் கட்டி ஆடினால் நடுவரும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம்.

வகுப்பில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது?

அவர்களுக்குத் திருவாதிரைக்களி தெரிந்திருக்கும். அதுவும் பெண்கள் விளக்கைச் சுற்றிக் கைகொட்டி ஆடுவதுதான். கும்மியோடு பக்கத்தில் வைத்து, எங்கே கை சேர்கிறது, எங்கே உடம்பு குனிகிறது, எது நிதானம், எது துள்ளல் என்று இரு தரப்பும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளட்டும். ஒரு வாரம் அவர்கள் சொல்லித்தரட்டும். பாட்டின் சொற்களை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டாலும் ஆட்சேபம் இல்லை.

வீட்டில் பாட்டி பாடுவார். அதை எப்படிச் சேகரிப்பது?

பாட்டியை ஓய்வாக உட்காரவைத்துப் பாடச் சொன்னால் வராது. அரிசி புடைக்கும்போது, பூக்கட்டும்போது, பேத்தியைத் தூங்கவைக்கும்போது போனைப் பக்கத்தில் வையுங்கள். முன்பே சொல்லிவிட்டு வையுங்கள், ஒளித்து வைக்காதீர்கள். மிக்சி, டிவி, ஃபேன் மூன்றையும் அணைத்துவிடுங்கள். பாட்டு முடிந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்தாமல், இதை யாரிடம் கற்றீர்கள், எந்த ஊரில், எந்த வேலைக்கு, எந்த நோம்பிக்கு என்று கேளுங்கள். பாட்டியின் பெயர், பிறந்த ஊர், வயது, தேதி ஆகியவற்றைப் பிள்ளையே தன் குரலில் கடைசியில் சொல்லட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில பாட்டுகளை வீட்டுக்கு வெளியே பாடக் கூடாது என்று நினைப்பார்கள். அப்படியானால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு ஒன்று கேட்கலாம்.